கலெக்டரின் வால் எந்தப் பக்கம்?

"கலெக்டரை மாத்திட்டாங்க தாயி!"

மாடிப்படி அதிர அலறிக்கொண்டு வந்த அந்த அம்மாள், நாற்காலியைக் கவனிக்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். போடிநாயக்கனூர் கடைவீதியில் ஓர் ஏலக்காய் கமிஷன் கடையின் மாடியில் இருந்தது அனுசியா துப்பறியும் நிலையம். ஒரே அறை, இரண்டு மேசை, நாள் முழுக்கக் கீழேயிருந்து ஏறி வரும் ஏலக்காய் வாசம். அழுதுகொண்டு வரும் வாடிக்கையாளர்கள்கூட அந்த வாசத்தில் பாயசத்துக்குக் காத்திருப்பவர்கள் போல முகம் தெளிந்துவிடுவார்கள். இந்த அம்மாளுக்குத் தெளியவில்லை.

அனுசியா வாயைத் திறப்பதற்குள் அவளுடைய உதவியாளன் பிச்சைமணி முந்திக்கொண்டான். எட்டு வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். எந்தப் பேச்சிலும் ஓடி ஏறித் தொற்றிக்கொள்வது அவன் வழக்கம்.

"அதெல்லாம் மேலிடத்துல பாக்குற சோலி ஆத்தா. புதுசா வர்றவரும் நல்லவராத்தான் இருப்பாரு. ஒரு சால்வைய வாங்கிக்கிட்டுப் போயி வணக்கம் வச்சிட்டு வந்துருங்க."

"சால்வையாடா? கலெக்டரு என் மாடுடா!"

பிச்சைமணி வாயை மூடிக்கொண்டான்.

அனுசியா தண்ணீர் கொடுத்தாள். பாதியைக் குடித்து, மீதியை முகத்தில் அடித்துக்கொண்டு, அந்த அம்மாள் விவரம் சொன்னார். பெயர் சுப்புத்தாய், ஊர் சிலமலை. கலெக்டர் என்பது அவர் வளர்க்கும் பொலிகாளை. கன்னங்கரேலென்று, எட்டு ஊர் பசுக்களுக்கு ஒரே மாப்பிள்ளை. போடிமெட்டுக்கு மேலே வெள்ளிமுடி எஸ்டேட்டின் மேனேஜர் ஜெபகுமார், தங்கள் பசுக்களுக்காக ஒரு வாரம் காளையை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இன்று காலை ஜீப் டிரைவர் கன்னையன், ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டி, அதில் கலெக்டரை ஏற்றிக்கொண்டு போனான்.

"போடி எடைமேடையில போட்டப்ப, டிரெய்லரோட சேத்து அறுநூத்தி இருவத்தஞ்சு கிலோ. டிரெய்லரு எரநூத்தம்பது. மீதி என் கலெக்டரு, முந்நூத்தி எழுவத்தஞ்சு. மலை மேல எஸ்டேட்டு எடைமேடையில போட்டா எண்ணூத்திப் பதினஞ்சாம்! ரெண்டரை மணி நேரத்துல எந்த மாடு தாயி நூத்தித் தொண்ணூறு கிலோ கூடும்? நடுவழியில வேற மாட்டை ஏத்திட்டான் அந்தக் கன்னையன்!"

"திருடுறவன் இளைச்ச மாட்டை மாத்தி வைப்பான். கொழுத்த மாட்டையா வைப்பான்?" என்றாள் அனுசியா.

"அதைத்தான் என்னாலயும் தாங்க முடியல."

"மேனேஜரு என்ன சொல்றாரு?"

"சொன்ன எடையில மாடு வரலைன்னு திட்டுறாரு. அவுக பசுவெல்லாம் மலைப்பசுவாம், சின்ன ஒடம்பாம். இந்தக் கனத்தைத் தாங்காதாம். டிரைவர் மேல போலீசுல சொல்லப் போறாராம். இந்தா, போட்டோ அனுப்பியிருக்காரு. மூஞ்சியே ஊதிக் கெடக்கு பாரு!"

அனுசியா போனை வாங்கிப் பார்த்தாள். டிரெய்லரின் பின்பக்கத்திலிருந்து எடுத்த படம். பின்கதவுக்கு மேலே ஒரு கறுத்த முகம், இரண்டு கொம்பு, எதையோ மறுக்கிற பார்வை.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பதினோரு வருடம் கவிழ்ந்த வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவள் அவள். அந்த வேலையில் ஒன்று தெரிந்துகொண்டிருந்தாள். ஆட்கள் பொய் சொல்வார்கள், வண்டி சொல்லாது. ஆனால் இங்கே இரண்டு எடைமேடைகளில் ஒன்று பொய் சொல்கிறது, அல்லது இரண்டுமே.

"பிச்சை, வேனை எடு."

"எந்த மாடு... எந்த ரூட்டுக்கா?" என்றான் பிச்சைமணி.

*

போடி எடைமேடையில் மகாராஜன் என்கிறவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தன் மேடையைச் சந்தேகப்பட்டதாகத் தெரிந்ததும் உரிப்பதை நிறுத்தினார்.

"மேடம், இந்த மேடையில ஒரு ஆளு வெத்தலையைத் துப்பிட்டு ஏறுனாலும் வித்தியாசம் காட்டும்."

"அப்ப இதுலதான் எங்கக்கா தீபாவளிக்கு முன்னயும் பின்னயும் ஏறணும்" என்றான் பிச்சைமணி.

அனுசியா அவனைப் பார்க்கவில்லை. "காலையில எடுத்த படம் இருக்கா?"

எடை போடும்போதெல்லாம் வண்டியின் பின்பக்கத்தைக் கேமரா தானாகவே படம் எடுத்துவிடும். மகாராஜன் திரையில் அதைக் கொண்டுவந்தார். அதே டிரெய்லர். பின்கதவுக்கு மேலே ஒரு பெரிய கறுத்த பின்புறமும், அதிலிருந்து தொங்கிய வாலும்.

"என் கலெக்டரு!" சுப்புத்தாய் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஜீப்பு எங்க?"

"ஜீப்பு மேடையைத் தாண்டி முன்னால நிக்குது. டிரெய்லரு எடை மட்டும் போதும்னான் கன்னையன். அவன் ஜீப்பு புத்தகத்துல, பிரேக் இல்லாத டிரெய்லரு லோடோட சேத்து அறுநூத்தம்பது கிலோதான் இழுக்கலாம்னு போட்டிருக்காம். அறுநூத்தி இருவத்தஞ்சுன்னதும், சாமி கும்பிட்டுட்டுக் கெளம்பிட்டான். நல்ல பையன் மேடம். எடை போடாமப் போறவந்தான் இங்கன அதிகம்."

"டிரெய்லரை ஜீப்புலருந்து கழட்டிட்டா எடை போட்டீங்க?"

மகாராஜன் சிரித்தார். "கழட்டுனா மாடு நிக்கிற பக்கம் குப்புறச் சாஞ்சுருமே. ரெண்டே சக்கரம்லா? ஜீப்பு கொக்கிதான அதைத் தாங்கிப் பிடிச்சிருக்கு."

அனுசியா இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். ஒன்றில் வால். ஒன்றில் முகம். அவள் முகம் மாறியது.

"ஆத்தா, மேனேஜருக்குப் போனைப் போடுங்க. வெரசா!"

நாலாவது மணியில் ஜெபகுமார் எடுத்தார். மலையாளமும் தமிழும் கலந்து கோபப்பட ஆரம்பித்தவரை அனுசியா நிறுத்தினாள்.

"சார், நீங்களும் டிரெய்லரை மட்டும்தான் மேடையில ஏத்தினீங்களா? ஜீப்போட மாட்டினபடியே?"

"அதே! பின்னே மாடோட கழட்ட முடியுமோ?"

"மாடு இப்ப எங்க?"

"இறக்கவே இல்ல மேடம். அங்கனெ தன்னெ, ஏத்தினபடியே திருப்பி அனுப்பிட்டேன். ஒரு பத்து நிமிசம் ஆகும் இறங்கி."

"வால் எந்தப் பக்கம்?"

"என்ன?"

"கலெக்டரோட வால் எந்தப் பக்கம் சார்? ஜீப்புப் பக்கமா, பின்பக்கமா?"

தான் யாரிடம் பேசுகிறோம் என்று மேனேஜர் யோசித்திருக்க வேண்டும். "ஜீப்புப் பக்கம்தான். முகம் பின்னால பார்த்திருக்கு. எதுக்கு?"

அனுசியா பதில் சொல்லாமல் வேனை நோக்கி ஓடினாள்.

*

முந்தல் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் வேன் முனகியது. பிச்சைமணி கியரை மாற்றினான்.

"மாட்டை யாரும் மாத்தல ஆத்தா" என்றாள் அனுசியா. "கட்டுன பக்கத்தைத்தான் மாத்தியிருக்காங்க. ஏத்தம் எறக்கம் ஆடுற பலகை தெரியுமில்ல? டிரெய்லரும் அப்படித்தான். நடுவுல சக்கரம். மாடு முன்னால நின்னா, பாரத்துல கொஞ்சம் கொக்கி வழியா ஜீப்பு முதுகுல ஏறிரும். மேடையில கொறைச்சுக் காட்டும். மாடு பின்னால நின்னா, டிரெய்லரோட மூக்கு மேல தூக்கும். ஜீப்பையும் சேத்துத் தூக்கும். ஜீப்பு பாரத்துல கொஞ்சத்தை டிரெய்லரு சக்கரம் வாங்கிக்கும். மேடையில கூட்டிக் காட்டும்."

"அப்ப என் கலெக்டரு நெசமா எத்தன கிலோ?"

"ரெண்டுக்கும் நடுவுல. டிரெய்லரோட சேத்து எழுநூத்தி இருவது பக்கம். கலெக்டரு மட்டும் நானூத்தி எழுவது."

சுப்புத்தாயின் முகம் மலர்ந்தது. பிள்ளை பெரிய வகுப்பில் பாஸான மாதிரி. மறு நிமிடமே சுருங்கியது. "நீ ஏன் தாயி இன்னும் பதறுற?"

"ஜீப்போட பின்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கிது. பின்சக்கரத்துக்குப் பாரமே இல்ல. ரோடு ஈரம். பதினேழு கொண்டை ஊசி வளைவு. பின்னால எழுநூறு கிலோ தள்ளுது, அதுக்குத் தனியா பிரேக்கும் கெடையாது. கன்னையன் எறங்கி வர்றான்."

மூன்றாவது வளைவு, நாலாவது வளைவு. மேலேயிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

அனுசியா மெல்லத் திரும்பினாள். "பிச்சை, மேனேஜரைப் பத்தி நாலு சொன்ன. இந்த வேனைப் பத்தி ஆறு சொன்ன. என்னையக்கூட எடைமேடையில ஏத்திட்ட. மலையேறுறதுக்குள்ள நூத்தித் தொண்ணூறு கிலோ கூடுன ஒரு மாடு. அதைப் பத்தி உனக்கு ஒரு ஜோக்குகூட வரலியா?"

"வாயில்லா ஜீவனைக் கிண்டல் பண்ணக் கூடாதுக்கா" என்றான் பிச்சைமணி, ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

*

ஒன்பதாவது வளைவில் ஜீப் வந்தது.

முதலில் கேட்டது ஹாரன். பிறகு பனியைப் பிளந்து இரண்டு விளக்குகள், அவை இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தன. நேராக வருகிற வண்டியின் விளக்கு அப்படி ஆடாது. டிரெய்லர் ஜீப்பின் இடுப்பைப் பிடித்து ஆட்டிக்கொண்டு வந்தது.

பிச்சைமணி வேனை மலைப் பக்கமாக ஒதுக்கினான். அனுசியா இறங்கி இரண்டு கையையும் விரித்து ஆட்டினாள். கன்னையன் பிரேக்கை மிதித்தான். முன்சக்கரம் நின்றது. பின்சக்கரம் நிற்க மனமில்லாமல் ஈரத் தாரில் சறுக்கியது. ஜீப் பாதி திரும்பி, தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் பனி மட்டும்தான். அதற்குக் கீழே போடி.

டிரெய்லரின் பின்கதவுக்கு மேலே முகத்தை வைத்தபடி கலெக்டர் வந்த வழியை அமைதியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இடது காது கிழிஞ்சிருக்கு! என் ராசாவேதான்!" சுப்புத்தாய் ஓடிப்போய்ப் பின்கதவுக் கொண்டியில் கை வைத்தார்.

"தொறக்காதீங்க!" அனுசியா கத்திய கத்தலில் அவர் கை அப்படியே நின்றது. "கலெக்டரு இன்னும் ஒரு அடி பின்னால வச்சாரு, ஜீப்பு முழுசாத் தூக்கிரும்! கல்லைக் கொண்டாங்க!"

கன்னையன் முப்பது வயது மெலிந்த ஆள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான். "அக்கா, கை பிரேக் போட்டேன். பிடிக்கல. கால எடுத்தா நகருது."

"கை பிரேக்கு பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்சக்கரம் தரையைச் சரியாத் தொடல. கால எடுக்காத."

ரோட்டோரம் கிடந்த கற்களை உருட்டி வந்து ஜீப்பின் முன்சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் முட்டுக் கொடுத்தார்கள். அப்படியும் ஜீப் நடுங்கியது.

"இப்ப ஜீப்போட பின்பக்கத்துக்குப் பாரம் வேணும். பிச்சை, நீ எத்தன கிலோ?"

"அறுவதுக்கா."

"இது உனக்குப் பொண்ணு பாக்குற எடம் இல்ல. உண்மையைச் சொல்லு."

"எழுவத்தெட்டு."

"பத்தாது. ஆத்தா, நீங்களும் ஏறுங்க."

பிச்சைமணியும் சுப்புத்தாயும் ஜீப்பின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். ஜீப் நாலு விரல் அளவு கீழே இறங்கியது. கன்னையன் மூச்சை விட்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்தான். அவன் கண் விரிந்தது.

"அண்ணே! நீங்களா?"

பிச்சைமணி மலையைப் பார்த்தான்.

"யாரு இவனா?" என்றாள் அனுசியா.

"இந்த அண்ணன்தான்க்கா! காலையில முந்தல் டீக்கடையில சொன்னாக. 'மாட்டுக் கொம்பு உன் முதுகுப் பக்கம் இருக்கே தம்பி, ஒரு பிரேக்கு போட்டா உன் பிடரியில ரெண்டு ஜன்னல் வச்சிரும்'னாக. கடையே சிரிச்சுச்சு. எனக்குச் சிரிப்பு வரல, பயம் வந்துருச்சு. அங்கனயே நிறுத்தித் திருப்பிக் கட்டிட்டேன். அதுக்கப்புறம் ஏத்தத்துல பின்டயரு சும்மா சுத்துச்சு. டயருதான் தேஞ்சு போச்சுன்னு நெனச்சேன்."

சுப்புத்தாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை மேலும் கீழும் பார்த்தார். நல்லவேளை, எழுந்திருக்கக் கூடாது என்று உத்தரவு இருந்தது.

"குரங்கணியில மாமனார் வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்க்கா" என்றான் பிச்சைமணி. அவன் முகம் வெளுத்திருந்தது. "டீ குடிக்கிறப்ப வாய் சும்மா இருக்கல. சத்தியமா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். ஆத்தா வந்து மாடுன்னதும் அந்த மாடுதான்னு புரிஞ்சிருச்சு. கொழுப்பெடுத்துச் சொன்னது ஒரு உசுரை வாங்கப் பாத்துச்சே."

அனுசியாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் ஜீப்பைவிட்டு இறங்க முடியாமல், தன் எழுபத்தெட்டு கிலோவோடு அந்த மரணக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். இதைவிடப் பெரிய தண்டனை தன்னால் கொடுக்க முடியாது என்று தோன்றியது.

"மொதல்ல கலெக்டரை முன்னால கொண்டாரணும். கூப்பிடுங்க ஆத்தா."

சுப்புத்தாய் கூப்பிட்டார். கொஞ்சினார். அதட்டினார். கலெக்டர் ஒரு காதை மட்டும் திருப்பினார்.

"ஏதாச்சும் காகிதம் இருக்கா தாயி?"

"காகிதமா?"

"காகிதம்னா உசுரு அதுக்கு. கன்னுக்குட்டியா இருந்தப்ப நாங்க பட்டாவுக்கு எழுதி வச்ச மனுவைத் தின்னுருச்சு. அதுலருந்துதான் கலெக்டருன்னு கூப்பிடுறோம்."

அனுசியா கைப்பையைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு காகிதம். மகாராஜனிடம் வாங்கி வைத்திருந்த போடி எடைமேடையின் ரசீது, வழக்கின் முதல் சாட்சியம். ஒரு விநாடி யோசித்தாள். பதினோரு வருடத்தில் ஒரு காகிதத்தைக்கூடத் தொலைத்ததில்லை அவள். பெருமூச்சு விட்டு, கன்னையன் சொன்னபடி பின்கம்பியில் இருந்த கயிற்றை அவிழ்த்து, அதன் நுனியை முன்கம்பி வழியாக வாங்கிக்கொண்டு, ஜீப்புக்கும் டிரெய்லருக்கும் நடுவில் நின்று ரசீதைச் சரசரவென்று கசக்கினாள்.

கலெக்டர் திரும்பினார். அகலமான டிரெய்லர்தான். ஆனாலும் அவர் திரும்பி முடிக்க ஒரு நிமிடம் ஆயிற்று. ஒவ்வொரு அடிக்கும் ஜீப் முனகியது. நாலாவது அடியில் 'தொம்' என்று ஜீப்பின் பின்பக்கம் அமர்ந்தது. பின்சக்கரம் இரண்டும் தாரைக் கவ்வின. கலெக்டர் ரசீதை வாங்கிக் கண்ணை மூடி மென்றார்.

கன்னையன் கை பிரேக்கை இழுத்தான். பிடித்தது. மெதுவாகக் காலை எடுத்தான். ஜீப் அசையவில்லை. இறங்கி இரண்டடி நடந்து தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

"நாலு வருசமா இந்த டிரெய்லரை இழுக்குறேன்க்கா" என்றான் வாயைத் துடைத்துக்கொண்டு. "எத்தன கிலோன்னுதான் எல்லாரும் கேட்டாக. எந்தப் பக்கம்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

"இனி நீ கேளு. சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால பாரம் கூடுதலா இருக்கணும். ரொம்பவும் முன்னால தள்ளிரவும் கூடாது, ஸ்டியரிங்கு கேக்காது. அப்புறம் இன்னொண்ணு. ரசீதுல என்ன இருந்தாலும் நீ இழுக்குறது எழுநூத்தி இருவது. உன் வண்டிக்கு அறுநூத்தம்பதுதான். கலெக்டரு எந்தப் பக்கம் நின்னாலும் இந்த வண்டியில எறங்கக் கூடாது."

"அப்ப எப்படி எறங்குவாரு?"

அனுசியா பிச்சைமணியைப் பார்த்தாள்.

டிரெய்லரின் வால் சாயாதபடி கீழே இரண்டு பெரிய கல்லை முட்டுக் கொடுத்து, ஜீப்பில் ஆட்களை உட்காரவைத்துவிட்டுத்தான் பின்கதவைத் திறந்தார்கள். கலெக்டர் சேதமில்லாமல் தரைக்கு வந்தார். சுப்புத்தாய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு கன்னையனிடம் போய், "திருடன்னு சொல்லிட்டேன் அப்பு, மனசுல வச்சுக்காத" என்றார். அவன் கும்பிட்டான்.

ஒன்பது வளைவையும் பிச்சைமணி கயிறு பிடித்து நடந்தே இறங்கினான். பின்னால் வேன், வேனுக்குப் பின்னால் காலி டிரெய்லரோடு ஜீப், அதற்குப் பின்னால் முந்த வழியில்லாமல் மூணாறு பஸ் ஒன்று. பஸ்ஸின் கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "அண்ணே, எக்ஸ்பிரஸ்சா, பாயிண்ட் டு பாயிண்டா?" என்று கேட்டான். பிச்சைமணி திரும்பிப் பார்க்காமல் கயிற்றை இன்னும் குட்டையாகப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

*

முந்தலில் போன் சிக்னல் கிடைத்ததும் அனுசியா ஜெபகுமாரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

"நானூத்தி எழுபதோ!" என்றார் அவர். "அது எங்க பசுவுக்குச் சரியாகும். பட்சே அந்த வண்டி இழுக்காதே மேடம். இனி எப்படி மேல ஏத்த?"

"உங்க பசு எத்தன கிலோ சார்?"

"இருநூறு, இருநூத்திப் பத்து."

அனுசியா மனதில் கூட்டிப் பார்த்தாள். டிரெய்லரோடு சேர்த்து நானூற்று அறுபது.

"பின்ன எதுக்கு சார் மாப்பிள்ளையை மலையேத்துறீங்க? பொண்ணை எறக்குங்க."

மறுமுனையில் ஜெபகுமார் யாரையோ மலையாளத்தில் கத்திக் கூப்பிட்டார்.

சாயங்காலம் நாலரை மணிக்குக் கன்னையனின் ஜீப் இரண்டாம் முறையாக மலையிலிருந்து இறங்கி முந்தலுக்கு வந்தது. விளக்கு ஆடவில்லை. டிரெய்லரில், கன்றுக்குட்டியைவிடக் கொஞ்சமே பெரிய ஒரு செவலைப் பசு. முகம் ஜீப் பக்கம், கயிறு முன்கம்பியில் குட்டையாக. கன்னையன் இறங்கி, யாரும் கேட்காமலே முதலில் சக்கரத்துக்குக் கல் வைத்தான், பிறகு டிரெய்லரின் பின்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்தான், அப்புறம்தான் கதவைத் திறந்தான்.

பசு இறங்கி, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, கீழ்நாட்டு வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கியது.

"இத்தனூண்டு பிள்ளையா?" என்றார் சுப்புத்தாய், நெஞ்சில் கை வைத்து.

ரோட்டோரம் படுத்திருந்த கலெக்டர் எழுந்தார். ஒன்பது வளைவு நடந்த களைப்பில் அதுவரை புல்லைக்கூடச் சீந்தாமல் இருந்தவர். செவலையை ஒரு தரம் பார்த்தார். கயிற்றைப் பிடித்திருந்த பிச்சைமணி என்ன நடக்கிறதென்று புரிந்துகொள்வதற்குள், அவனையும் அவனுடைய எழுபத்தெட்டு கிலோவையும் ஒரு பொருட்டாக எண்ணாமல் இழுத்துக்கொண்டு கலெக்டர் நடந்தார்.